காற்றை நிறுக்கும் தராசு யார் கையில்?

2025-ம் வருஷம் அக்டோபர் 20-ந் தேதி தீபாவளி. அதற்கு ஐந்து நாள் முன்னதாக, டில்லி நகரத்தையும் அதைச் சூழ்ந்த வட்டாரத்தையும் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டார் ஓர் உத்தரவு பிறப்பித்தனர். ‘பசுமைப் பட்டாசு’ என்று நாமகரணம் செய்யப்பட்டிருக்கும் பட்டாசுகளைக் குறிப்பிட்ட சில மணி நேரங்களில் மட்டும் கொளுத்தலாம் என்பது அனுமதி. அக்டோபர் 14 முதல் 25 வரை காற்றின் நிலையை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு போர்டார் கவனித்து, கோர்ட்டுக்கு அறிக்கை தர வேண்டும் என்பது அதனுடன் சேர்ந்த கட்டளை. நியாயமான ஏற்பாடுதான். பட்டாசினால் காற்று எவ்வளவு கெடும் என்று இரு தரப்பாரும் வருஷக் கணக்கில் வாதாடிக் கொண்டிருக்கிறார்கள். அளந்து பார்த்துவிட்டால் தகராறு தீர்ந்துவிடும் அல்லவா?

தீபாவளி வந்தது; போயிற்று. நவம்பர் மாத ஆரம்பத்தில், கோர்ட்டுக்கு உதவியாக நியமிக்கப்பட்டிருந்த வக்கீல் எழுந்து ஒரு விஷயத்தைத் தெரிவித்தார். டில்லியிலுள்ள 37 அளவு நிலையங்களில் 9 மட்டுமே தீபாவளியன்று இடைவிடாமல் வேலை செய்தன என்று பத்திரிகைகளில் செய்தி வந்திருக்கிறது. நிலையங்களே இயங்கவில்லையென்றால் எந்த நேரத்தில் எந்தக் கட்டுப்பாட்டை அமல் செய்வதென்று எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். சாட்சி சொல்ல வேண்டிய இரவில் சாட்சி தூங்கிவிட்டான் என்பதுதான் இதன் பொருள்.

கருவிகளை யாரோ வேண்டுமென்றே நிறுத்தினார்கள் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. மின்சாரம் நின்றிருக்கலாம், செய்தி அனுப்பும் கம்பி கெட்டிருக்கலாம், தூசி மிகுந்து கருவியே திணறியிருக்கலாம். ஆனால் வருஷத்தில் எந்த இரவின் கணக்கு மற்ற எல்லா இரவுகளின் கணக்கையும்விட அவசியமோ, அந்த இரவின் கணக்கில் ஓட்டை விழுந்தது என்பது சிறிய விஷயமல்ல. காற்று அனைவருக்கும் பொதுச் சொத்து. அதை நிறுக்கும் தராசும் பொதுச் சொத்தாகவே இருக்க வேண்டும். அந்தத் தராசு யார் கையில் இருக்கிறது, எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, அதன் முள் காட்டுவதை யார் படித்துச் சொல்கிறார்கள் என்பவற்றைப் பிரஜைகள் விசாரிக்கத் தொடங்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நாம் கருதுகிறோம்.

முதலில், நிறுக்கப்படும் பொருள் என்ன என்று பார்ப்போம். முன் காலத்தில் புகையைக் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டார்கள். ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு எஞ்சினீயர் 1888-ல் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாகக் கோடு கட்டிய அட்டைகளைச் செய்தார். அட்டையைத் தூரத்தில் நிறுத்தி, ஆலைப் புகைபோக்கியிலிருந்து வரும் புகை எந்த அட்டைக்குச் சமமான கறுப்பு என்று சொல்லிவிடலாம். கண்ணுக்குத் தெரியும் புகைக்கு அது போதும். இன்று நம்மைக் கொல்லுவதோ கண்ணுக்குத் தெரியாத தூசி. ஒரு மயிரின் கனம் சுமார் 50 முதல் 70 மைக்ரான் என்றால், இந்த நுண்தூசியின் அளவு 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவும். மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் பெருந்தூசியைத் தடுத்துவிடும். இது அவற்றையெல்லாம் கடந்து சுவாசப்பையின் கடைசி அறைவரை போய்த் தங்குகிறது. அதில் மிக நுண்ணியது ரத்தத்திலேயே கலந்துவிடுகிறது. காற்றிலுள்ள இத்தூசி புற்றுநோயை உண்டாக்கும் பொருளே என்று 2013-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் தீர்ப்புக் கூறிவிட்டார்கள்.

இதன் எடை எவ்வளவு? ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம் நுண்தூசி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மனிதன் நாளொன்றுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு கன மீட்டர் காற்றை உட்கொள்ளுகிறான். கணக்குப் போட்டால் நாள் முழுவதும் அவன் உள்ளே போவது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகம். ஒரு கடுகின் எடைக்கு மேல் இராது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று நம் பாட்டிமார் சொன்னது இந்தத் தூசிக்கே பொருந்தும். இவ்வளவு சொற்பமான பொருளை நிறுப்பதற்கு மிகுந்த சிரத்தை வேண்டும்.

பழைய முறை, நம்பகமான முறை, வடிகட்டித் தாள் முறை. ஒரு வட்டத் தாளை, வெப்பமும் ஈரமும் மாறாத அறையில் வைத்துப் பதப்படுத்தி, மைக்ரோகிராம்வரை காட்டும் தராசில் நிறுக்கிறார்கள். அப்புறம் அதன் வழியாக ஒரு நாள் முழுவதும் காற்றை இழுத்து, மறுபடியும் அதே அறையில் பதப்படுத்தி மறுபடியும் நிறுக்கிறார்கள். வித்தியாசந்தான் தூசி. இதற்கு ஆளும் பொழுதும் வேண்டும். ஆகையால் நம் நாட்டிலுள்ள கைமுறை நிலையங்களில் வாரத்துக்கு இரண்டு நாள், வருஷத்துக்கு 104 நாள் அளப்பது என்று விதி வகுத்திருக்கிறார்கள். புதிய முறையில், கருவிக்குள்ளே ஒரு நாடா ஓடுகிறது. தூசி படிந்த நாடாவின் வழியாகக் கதிரியக்கக் கரியிலிருந்து புறப்படும் பீட்டா கிரணங்கள் பாய்கின்றன. தூசி அதிகமானால் மறுபக்கம் வந்து சேரும் கிரணம் குறைகிறது. மணிக்கு மணி கணக்குக் கிடைக்கிறது. கருவியும் பராமரிப்பும் விலையுயர்ந்தவை. இவையன்றி ஒளியைச் சிதறவிட்டுத் தூசியை எண்ணும் கைக்கடக்கமான சாதனங்கள் சில ஆயிரம் ரூபாய்க்கே கடைகளில் கிடைக்கின்றன. மார்கழிப் பனியில் நீர்த்துளியையும் தூசியென்று எண்ணி அவை மயங்கிவிடும். பெரிய கருவியின் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தாலொழிய அவற்றின் வார்த்தையை அப்படியே ஏற்பதற்கில்லை. ஆயினும் பெரிய கருவி இல்லாத ஊருக்கு அவை இருட்டில் அகல் விளக்குப் போல.

கருவி சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது நிற்கும் இடம் பாதி உண்மையைத் தீர்மானித்துவிடுகிறது. டில்லியில் லோதி ரோடில் ஒரு நிலையம் இருக்கிறது. மரங்கள் அடர்ந்த, உத்தியோகஸ்தர்கள் வசிக்கும் பிரதேசம். கிழக்கு எல்லையில் ஆனந்த விஹாரில் ஒரு நிலையம் இருக்கிறது. பஸ் நிலையமும் ரயில் நிலையமும் பக்கத்திலிருக்க, உத்தரப் பிரதேசத் தொழிற்சாலைகள் எல்லைக்கு அப்பால் புகை கக்கும் இடம். இரண்டையும், மற்ற முப்பத்துச் சொச்ச நிலையங்களையும் கூட்டிச் சராசரி எடுத்து, முந்திய 24 மணி நேரத்துக்கான ஒரே எண்ணாக மாலை நான்கு மணிக்கு வெளியிடுகிறார்கள். ஆனந்த விஹாரில் மூட்டை தூக்கும் தொழிலாளி அந்தச் சராசரிக் காற்றையா சுவாசிக்கிறான்? நள்ளிரவில் கண் எரிய விழித்துக்கொண்ட குழந்தைக்கு மறுநாள் மாலைச் சராசரியினால் என்ன பிரயோஜனம்?

மற்றொரு விநோதம். 2015 ஏப்ரலில் பிரதம மந்திரி துவக்கி வைத்த தேசியக் காற்றுக் குறியீட்டெண் பூஜ்யத்தில் ஆரம்பித்து 500-ல் முடிகிறது. அதற்கு மேல் படி கிடையாது. காற்று எவ்வளவு கெட்டாலும் எண் 500-ஐத் தாண்டாது. 2024 நவம்பர் 18-ந் தேதி டில்லியின் குறியீடு 490-ஐத் தாண்டிற்று என்று போர்டார் அறிவித்தார்கள். அதே நாளில் ஓர் அந்நியக் கம்பெனியின் கணக்கு ஆயிரத்துக்கு மேல் போய்விட்டது. ஜனங்கள் குழம்பினார்கள். ஒன்று 24 மணிச் சராசரி, மற்றொன்று அந்தந்த நேரத்து அளவு. ஒன்று நம் நாட்டு அளவுகோல், மற்றொன்று அமெரிக்க அளவுகோல். ஒன்றுக்குக் கூரை உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. இரண்டிலும் பொய் இல்லையென்றே வைத்துக்கொள்வோம். காய்ச்சல் மானியில் 104 டிகிரிக்கு மேல் கோடு போடாமல் விட்டுவிட்டால் நோயாளியின் சுரம் 104-ல் நின்றுவிடுமா என்று மட்டும் கேட்கிறோம்.

அளவுகோலின் மறு முனையையும் பார்க்க வேண்டும். ஒரு நாள் சராசரியில் நுண்தூசி 60 மைக்ரோகிராம்வரை இருக்கலாம் என்று 2009-ல் நம் சர்க்கார் நிர்ணயித்தனர். உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் கூறியிருப்பது 15. வருஷச் சராசரிக்கு நம் எல்லை 40, அவர்களுடையது 5. அது வெறும் ஆலோசனை, நம் நாட்டின் மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ற எல்லையை நாமே வகுத்துக் கொள்வோம் என்று அதிகாரிகள் சொல்லுகிறார்கள். சுயமாக வகுத்துக்கொள்ளும் உரிமையை நாம் யாரையும்விடக் குறைவாக மதிப்பவர்கள் அல்ல. ஆனால் சுவாசப்பைக்குத் தேச எல்லை தெரியாது. பாலைவனத் தூசி அதிகமுள்ள நாடு என்பது உண்மையானாலும், அந்த உண்மை சுவாசப்பையைத் தோலாக்கிவிடாது.

நகரத்தை விட்டு வெளியே வருவோம். டில்லியின் காற்று டில்லியிலேயே பிறப்பதில்லை. 2018-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, குளிர் காலத்தில் டில்லியின் நுண்தூசியில் நூற்றுக்கு 36 பங்கு நகரத்துக்குள்ளேயே உண்டாவது. 34 பங்கு சுற்றியுள்ள தலைநகர் வட்டாரத்திலிருந்து வருவது. மீதி அதற்கும் அப்பாலிருந்து வருவது. இதில் கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்றுண்டு. தூசி முழுவதும் தூசியாகவே புறப்படுவதில்லை. நிலக்கரி மின்சார நிலையத்திலிருந்து கந்தக வாயு கிளம்புகிறது. வயல்களிலிருந்தும் மாட்டுத் தொழுவங்களிலிருந்தும் அம்மோனியா கிளம்புகிறது. இரண்டும் வானத்தில் சந்தித்து, பல மைல் தூரம் கடந்தபின், திடப் பொருளான உப்புத் தூசியாக மாறிவிடுகின்றன. ஆகவே நகரத்துக்குள் மட்டும் தராசை வைத்தால், குற்றம் நடந்த இடத்தை விட்டுப் பிணம் கிடந்த இடத்தை மட்டும் அளந்த போலீஸ்காரனின் கதைதான்.

ஆனால் தராசுகள் நகரங்களிலேயே குவிந்து கிடக்கின்றன. மணிக்கு மணி கணக்குத் தரும் நிலையங்கள் இந்த மாபெரும் தேசம் முழுவதிலும் சில நூறுதான்; அவற்றில் நாற்பதுக்குக் குறையாமல் டில்லி ஒன்றிலேயே. ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் செங்கல் சூளைக்கு அருகே குடியிருக்கும் கிராமத்தான் எதைச் சுவாசிக்கிறான் என்பதற்குக் கணக்கே கிடையாது. அவன் வைக்கோல் தாளைக் கொளுத்துகிறான் என்று நகரவாசி கோபித்துக் கொள்ளுகிறான். அந்தப் புகையை முதலில் குடிப்பவன் அந்தக் கிராமத்தானும் அவன் மக்களுமே என்பதை எந்த முள்ளும் காட்டுவதில்லை. தாள் தீயை எண்ணுவதற்கு வானத்தில் செல்லும் செயற்கைக் கோள்களை நம்புகிறோம். அவற்றில் முக்கியமானவை பிற்பகல் ஒன்றரை மணி சுமாருக்குத் தலைக்கு மேல் போய்விடுகின்றன. அவை போனபின் மாலையில் தீ மூட்டப்படுகிறது என்று 2024-ல் விஞ்ஞானிகள் சுட்டிக்காட்டினார்கள். தீயின் எண்ணிக்கை வருஷா வருஷம் குறைகிறது என்று பூரிப்படையும்போது, குறைந்தது தீயா, பார்க்கும் கண்ணா என்று விசாரிப்பது நல்லது.

அளக்காத பொருள் ஆட்சியாளருக்கு மிகவும் வசதியான பொருள். 2019 டிசம்பரில் மக்கள் சபையில், காற்று மாசுக்கும் ஆயுள் குறைவுக்கும் சம்பந்தம் உண்டென்று எந்த இந்திய ஆராய்ச்சியும் காட்டவில்லையென்று அப்போதைய சுற்றுச்சூழல் மந்திரி ஸ்ரீ பிரகாஷ் ஜவடேகர் கூறினார். முடிவான தகவல் இல்லை என்ற பதில் அதன் பின்னரும் பார்லிமெண்டில் ஒலித்திருக்கிறது. இது எப்படியிருக்கிறதென்றால், கணக்கப்பிள்ளையை வேலைக்கு வைக்காமலே, கணக்கில் கடன் எதுவும் காணப்படவில்லை என்று சொல்லுவது போலிருக்கிறது. அந்தப் பதிலுக்கும் இப்போது இடமில்லை. 655 ஜில்லாக்களின் 2009 முதல் 2019 வரையிலான மரணக் கணக்கை நுண்தூசிக் கணக்குடன் ஒப்பிட்டு, கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் அதிகமாகும்போது மரணம் நூற்றுக்கு 8.6 பங்கு அதிகமாகிறது என்று 2024 டிசம்பரில் லான்ஸெட் குழுவைச் சேர்ந்த சஞ்சிகை ஒன்றில் ஆராய்ச்சி வெளியாகியிருக்கிறது. இந்திய மரணங்களைப் பற்றிய ஆராய்ச்சிதான் அது.

லண்டன் மாநகரின் உதாரணத்தை இங்கே நினைவூட்டலாம். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை அந்நகரை நிலக்கரிப் புகை கலந்த மூடுபனி கவ்விக்கொண்டது. அங்கும் ஆட்சியாளர் தட்டிக் கழிக்கத்தான் பார்த்தனர். பிந்திய வாரங்களில் நேர்ந்த மரணங்களை இன்புளுவென்ஸாவின் தலையில் கட்டினர். ஆனால் புகைக் கணக்கும் மரணக் கணக்கும் அந்த ஊரில் நாள்தோறும் எழுதப்பட்டு வந்தன. இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தபோது, ஒன்று ஏறின இடத்தில் மற்றொன்றும் ஏறியிருப்பதை யாராலும் மறைக்க முடியவில்லை. நாலாயிரம் பேர் என்று முதலில் சொன்னார்கள். பன்னிரண்டாயிரம்வரை இருக்கும் என்று பின் வந்த ஆராய்ச்சியாளர் சொன்னார்கள். 1956-ல் சுத்தக் காற்றுச் சட்டம் நிறைவேறிற்று.

நமக்கு இன்னும் அருகிலுள்ள பாடம் பீகிங் நகரத்தினுடையது. 2008-ல் அங்குள்ள அமெரிக்க ஸ்தானிகர் காரியாலயத்தின் கூரையில் ஒரே ஒரு கருவியை வைத்து, மணிக்கு மணி நுண்தூசிக் கணக்கை உலகறிய வெளியிட்டார்கள். சீன சர்க்கார் அப்போது பெருந்தூசிக் கணக்கை மட்டுமே சொல்லி, ‘நீல வான நாட்களை’ எண்ணிக் கொண்டிருந்தனர். வானம் சாம்பல் நிறமாயிருக்க, காற்று நலம் என்று சர்க்கார் அறிவிக்க, அந்நியன் கூரையிலிருந்த ஒற்றைக் கருவி வேறொன்று சொல்லிற்று. 2012 ஜூனில் சீனச் சுற்றுச்சூழல் உதவி மந்திரி, அந்நிய ஸ்தானிகர்கள் இப்படிக் கணக்கு வெளியிடுவது முறையல்ல, ஒரு கருவி ஒரு நகரத்துக்குப் பிரதிநிதியாகாது என்று கண்டித்தார். அவருடைய இரண்டாவது வாதம் சரியானதே. ஆனால் ஜனங்கள் கேட்டது, உங்களுடைய நூறு கருவிகள் எங்கே என்பதுதான். அந்த வருஷத் துவக்கத்திலேயே பீகிங் நகராட்சி தன் நுண்தூசிக் கணக்கை வெளியிடத் தொடங்க வேண்டியதாயிற்று. சில வருஷங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்கள் நாடெங்கும் எழுந்தன. 2013-ல் 89.5 மைக்ரோகிராமாயிருந்த பீகிங்கின் வருஷச் சராசரி 2021-ல் 33-ஆக இறங்கிற்று. அந்நாட்டின் ஆட்சிமுறை நமக்கு உவப்பானதன்று. எதிர்த்துப் பேசுவோரின் வாயை அடைப்பதும் அங்கே வழக்கந்தான். என்றாலும் எண்ணை ஒப்புக்கொண்ட பிறகுதான் எண் இறங்கிற்று என்பதை மறுப்பதற்கில்லை.

அங்கும் தராசில் கை வைத்தவர்கள் இருந்தார்கள். ஸியான் நகரில் 2016-ல் சுற்றுச்சூழல் இலாகா உத்தியோகஸ்தர்களே அளவு நிலையத்துக்குள் நுழைந்து, கருவியின் மூக்கில் பஞ்சு நூலை அடைத்தனர். எண் நன்றாக இறங்கிற்று! மறு வருஷம் கோர்ட்டார் அவர்களுக்குச் சிறைத் தண்டனை விதித்தார்கள். நம் நாட்டில், டில்லியில் அளவு நிலையங்களைச் சுற்றித் தண்ணீர் தெளிக்கப்படுகிறது என்று 2025-ல் எதிர்க் கட்சியார் கூச்சலிட்டதும் சர்க்கார் அதை மறுத்ததும் நேயர்களுக்கு நினைவிருக்கும். எது உண்மை என்பதைத் தீர்ப்பதற்கு எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு நிலையமும் எந்த மணியில் இயங்கிற்று, எந்த மணியில் நின்றது, ஏன் நின்றது, யார் வந்து கதவைத் திறந்தார்கள் என்ற பதிவேட்டை அன்றன்றே பகிரங்கமாக வெளியிடட்டும். நின்றுபோன நிலையங்களை விட்டுவிட்டு மற்றவற்றுக்குச் சராசரி போடும் வழக்கத்தை நிறுத்தி, இத்தனை நிலையம் பேசவில்லை என்று எண்ணின் பக்கத்திலேயே எழுதட்டும்.

பீகிங்கில் நடந்ததைப் படித்துவிட்டு நாம் புன்னகை செய்து கொள்வதற்கு இடமில்லை. டில்லி, சென்னை, கல்கத்தா, பம்பாய், ஹைதராபாத் ஆகிய ஐந்து நகரங்களிலும் அமெரிக்கக் காரியாலயங்களில் அதே மாதிரிக் கருவிகள் இருந்தன. நம் ஆராய்ச்சியாளர்களே தங்கள் சாதனங்களைச் சரிபார்க்க அந்தக் கணக்கை நாடினார்கள். பத்திரிகைகளும் அதை எடுத்துப் போட்டன. 2025 மார்ச்சில், பணச் சுருக்கத்தைக் காரணம் காட்டி, உலகெங்குமுள்ள தங்கள் கருவிகளின் கணக்கை வெளியிடுவதை அமெரிக்க சர்க்கார் நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன பாத்தியம் இருக்கிறது? அவர்கள் கருவி, அவர்கள் உத்தியோகஸ்தரின் சுவாசத்துக்காக வைத்தது. அடுத்த வீட்டுத் திண்ணை விளக்கில் கணக்கு எழுதிக் கொண்டிருந்தவன், அவர்கள் விளக்கை அணைத்ததும் திகைப்பது அவனுடைய குற்றமேயாகும்.

சென்னையின் நிலை டில்லியைப்போல் அவ்வளவு மோசமன்று. கடற்காற்று நம்முடைய பெரிய தோட்டி. மாலையில் வந்து பெருக்கிவிட்டுப் போகிறது. ஆனால் போகியன்று விடியற்காலை அதுவும் ஓய்ந்துவிடுகிறது. 2018-ம் வருஷம் போகிப் புகையினால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அது முதற்கொண்டென்று இல்லாமல் அதற்கு முன்பிருந்தே, போகிக்கு முன்னும் போகியன்றும் நகரத்தின் 15 மண்டலங்களிலும் காற்றை அளந்து அறிவிப்பதைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் வழக்கமாகச் செய்து வருகிறார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறோம். மணலியிலும் எண்ணூரிலும் குடியிருக்கும் ஜனங்களுக்குப் போகி வருஷத்துக்கு ஒரு நாள் வருவதல்ல. போகிக்குப் பதினைந்து மண்டலங்களுக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு போக முடிகிறதென்றால், மற்ற நாட்களிலும் ஏன் முடியாது, அப்படி எடுத்த கணக்கை அந்தந்த வார்டு காரியாலய வாசலில் தமிழில் எழுதி வைக்க என்ன தடை என்பதை வாரியத்தார் தெரிவிப்பார்களா?